உலை மூட்டினோம், ஓலையில் எழுதினோமா?

(இராசபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் ஆற்றங்கரையில், பட்டப்படிப்பு முடித்த மாணவரிடையே ஆற்றிய பொழிவின் எழுத்துருவம்)

   

மேற்குமலையின் மடியில், இவ்வாற்றின் கரையில் என்னைப் பேச அழைத்தபொழுது, இலக்கியமே பேசுவேனென நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். யான் பேசவிருப்பதோ இரும்பைப் பற்றி. பொருளறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற நம் பிள்ளைகள் செல்லவேண்டும் என்பது பற்றி. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை எனக் கேட்பீராயின், அதற்கு விடையாக என் பிழையொன்றை முதற்கண் ஒப்புக்கொள்கின்றேன்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், கொல்லுப்பட்டறை வைத்திருந்தவரின் மகன். "ஐயா, அப்பா அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். தோய்த்த விளிம்பு மட்டும் ஏன் அவ்வளவு உறுதியாகிறது? அதைப் படிக்க எங்கே போகவேண்டும்?" என்று கேட்டான். யானோ, "அதெல்லாம் ஆங்கிலக் கடல், அதில் விழுந்தால் தமிழை மறந்துபோவாய். வேறு ஏதேனும் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனும் வேறு ஏதோ படித்தான். தந்தைக்குப் பின் பட்டறையும் மூடப்பட்டது. தமிழைக் காப்பதாக எண்ணித் தமிழன் ஒருவனின் அறிவுக் கதவை அடைத்தேன். அது தொண்டன்று, பிழை.

அவன் கேட்ட வினாவுக்குரிய விடையை யான் பின்னரே கற்றேன். அரிவாள் இரும்பினுள் சிறிதளவு கரி கலந்துள்ளது. செந்தழலில் காய்ச்சும்பொழுது இரும்பின் அணுக்கள் வேறோர் ஒழுங்கில் அடுக்கமைந்து, கரியணுக்களுக்கு இடந்தருகின்றன. மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து ஒதுங்கிவிடும். சட்டென நீரில் தோய்த்தாலோ, பிரிந்துசெல்ல நேரமின்றி உள்ளேயே சிறைப்படும். அடுக்கு திரிந்து இறுகும். அவ்விறுக்கமே விளிம்பின் உறுதி. பின்னர் இளஞ்சூட்டில் வாட்டினால், நொறுங்குந்தன்மை குறைந்து, வெட்டவும் தாங்கவும் வல்ல அரிவாளாகின்றது.

இவ்விறுகிய அமைப்புக்கு உலகம் இட்டுள்ள பெயர் 'மார்ட்டென்சைட்டு' என்பது. அடால்பு மார்ட்டென்சு என்னும் செருமானிய அறிஞரின் பெயரால் அமைந்தது அது. நம் கொல்லர் தோய்த்தார். அவ்வறிஞரோ மாழைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், வரைந்தார், எழுதிவைத்தார். எழுதியவர் பெயர் நின்றது. தோய்த்தவர் பெயர் உலைப்புகையோடு போயிற்று.

நம் உருக்குக்கும் இதுவே நேர்ந்தது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்புருக்கிய உலைகளை அகழாய்வு காட்டியுள்ளது. மூசையிலிட்டு ஆக்கிய தென்னாட்டு உருக்கு கடல்கடந்து சென்றது. மேலையர் அதனை 'ஊட்சு' என்றனர். உக்கு, உருக்கு என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபே அப்பெயர் என்பர் அறிஞர். 1795-இல் இலண்டன் அரசக் கழகத்தில் பியர்சன் என்பார் அதனை ஆராய்ந்து கட்டுரை படித்தார். பின்னாளில் மின்னியலில் புகழோங்கிய மைக்கேல் பாரடே, 1819-ஆம் ஆண்டளவில் அவ்வுருக்கை ஆய்ந்து, அதுபோன்றதொன்றை ஆக்க முயன்றார்.

அந்தப் பாரடே யார்? அவர் தந்தையும் ஒரு கொல்லரே! அங்கே கொல்லர் மகனுக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தது. இங்கே கொல்லர் மகனுக்குக் கதவை அடைத்தவன் யான். இதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு சுடுகின்றது.

2025 சனவரியில் தமிழ்நாட்டரசு 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கையை வெளியிட்டது. சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 எனக் கண்டு நாம் பூரித்தோம், மேடைதோறும் முழங்கினோம். மண் நம்முடையது, அகழ்ந்த கைகள் நம்முடையன. அப்பொருள்களின் காலத்தை அளந்து சொன்னவையோ அமெரிக்கப் புளோரிடாவிலும் இலக்னோவிலும் அகமதாபாத்திலும் உள்ள ஆய்வகங்கள்! அக்காலக் கணிப்பை உறுதிசெய்யவும் மறுத்துரைக்கவும் வல்லவர், கரியையும் மாழையையும் கூறுபடுத்தி அறியும் அறிஞரேயன்றி என்போல் மேடையில் முழங்குவோர் அல்லர். அவ்வறிஞர் கூட்டத்தில் நம் பிள்ளைகள் மிகுதியாய் அமரவேண்டாவா?

வழி இல்லாமலில்லை. இயற்பியலோ வேதியியலோ இளநிலை முடித்தோர் 'சாம்' என்னும் கூட்டுச் சேர்க்கைத் தேர்வெழுதி அறிவியல் முதுநிலைக்குச் செல்லலாம். பொறியியல் முடித்தோரும் அறிவியல் முதுநிலை முடித்தோரும் 'கேட்' தேர்வெழுதித் தொழில்நுட்ப முதுநிலைக்குச் செல்லலாம். சென்னையில் 1959-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் மாழையியல், பொருளறிவியல் துறைகள் உள்ளன. வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்ததால் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வகம், துருவையும் மின்கலத்தையும் ஆராய்கின்றது.

ஆய்வுக்கான பொருளும் தொலைவில் இல்லை. இராசபாளையத்து நூலாலையின் இழையும், சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணியும், சிவகாசி வாணத்தில் பச்சைச் சுடர்தரும் பேரியமும் பொருளறிவியலின் பாடங்களே.

இங்கு அமர்ந்துள்ள மாணவி ஒருத்தி, கூட்டத்திற்கு முன் என்னிடம் வந்து, "ஐயா, பள்ளி முழுதும் தமிழ்வழியில் படித்தவள் யான். அங்கே ஈடுகொடுக்க முடியுமா?" என்று கேட்டாள். அம்மா, முடியும். முதல் அரையாண்டு இடர்ப்படுவாய்; உண்மையை மறைக்கமாட்டேன். தேர்வுத்தாளும் நூல்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அம்மொழியைச் சுத்தியலாகக் கையிலெடு. முடியாகத் தலையில் சூடாதே. அணுவின் அடுக்கைத் தாய்மொழியில் ஒருமுறை தெளிந்துகொண்டவளுக்கு எம்மொழிப் பாடமும் அடங்கும்.

தமிழன்பர்களே, நமக்கும் ஒரு சொல். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. முதுநிலைக்கும் தமிழ்நூல் வேண்டுமெனில் அதனை எழுதுவது யார்? மாழை என்றும், மூசை என்றும் சொற்களை எடுத்துக் கொடுக்க என்போன்ற புலவரால் இயலும். பொருளைத் தொட்டறியாதவன் அடுக்கும் சொற்களோ நெல்லில்லாப் பதர். உலையருகே நின்று அறிந்தவரே நூல் செய்யமுடியும். ஆகலின் அத்துறைக்குச் செல்வது தமிழை விட்டுச் செல்வதன்று. தமிழுக்குச் சரக்குத் தேடிச் செல்வது.

பெற்றோர்களே, இரண்டாண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் திருமணத்துக்கும் விரைவுபடுத்தி, எரியும் உலையில் நீரூற்றாதீர்கள்.

மாணவர்களே, உங்களிடம் யான் வேண்டுவது ஒன்றே. பட்டத்துக்கான ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்த அன்றே, அதன் சாரத்தைப் பத்துப் பக்கமேனும் தமிழில் எழுதுங்கள். உங்கள் ஊர்க் கொல்லருக்கும் தச்சருக்கும் நெசவாளர்க்கும் படித்துக்காட்டுங்கள். அவர்க்கு விளங்காத இடத்தைத் திருத்தி எழுதுங்கள்; பட்டறையில் அவர் வழங்கும் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பத்துப் பக்கங்களைச் சொற்பிழை நீக்கிச் செப்பம்செய்து தருவது என் கடமை. என் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும்.

ஒருவனுக்கு அடைத்த கதவை யான் இனித் திறக்க இயலாது. உங்களுள் ஒருவர் உள்ளே சென்று அவன் வினாவுக்குத் தமிழில் விடை எழுதிவந்தால், அதனை எடுத்துக்கொண்டு அவன் வீடு தேடிச் செல்வேன்.