தாயின் முகமும் கம்ப்யூட்டரின் கண்ணும்



தாய்சேய் நலப் பணிக்கு ஆண்டுதோறும் கைகொடுத்து வரும் உங்களிடம், அந்தப் பணியைத் தொடுகிற ஓர் ஆராய்ச்சியைக் குறித்து இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

பேச்சு வராத குழந்தைக்குத் தாயின் முகமே முதல் பாடம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையோடு சிரித்து விளையாடும் தாய், சற்று நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் வாடும் தாய்மாரை நாம் ஏன் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் முகத்தை அளப்பது எளிதான வேலையல்ல. பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்ற இருவர், முகத் தசைகளின் அசைவுகளுக்கு எண் கொடுத்து 1978-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கன்னம் உயர்ந்தால் 6, உதட்டின் ஓரம் மேலே இழுபட்டால் 12. ஒரு நிமிட வீடியோவை இப்படிக் குறித்து முடிக்க, பயிற்சி பெற்றவருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இந்தப் பாரத்தைக் குறைக்கவே கம்ப்யூட்டர் மென்பொருள் வந்தது.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம், 1991, 1992 ஆண்டுகளில் பிள்ளைப்பேறு எதிர்பார்த்திருந்த 14,000-க்கும் மேற்பட்ட பெண்களின் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அன்று பிறந்தவர்களில் பலர் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்களில் சிலர் தங்கள் தலையிலும் குழந்தையின் தலையிலும் சிறு கேமராவை அணிந்து, வீட்டில் உணவூட்டுவதையும் விளையாடுவதையும் பதிவு செய்து கொடுத்தார்கள். குழந்தை காணும் கோணத்திலேயே பெற்றோரின் முகம் கிடைத்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, மனிதர் குறித்ததையும் மென்பொருள் குறித்ததையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மென்பொருளுக்குக் களைப்பு இல்லை. ஆனால் தலை திரும்பினாலும், கை முகத்தை மறைத்தாலும், வெளிச்சம் குறைந்தாலும் அது தடுமாறும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை 2018-இல் சோதித்தபோது, கறுத்த நிறப் பெண்களிடத்தில் 34.7 சதவீதம் வரை பிழை இருந்தது. வெளுத்த நிற ஆண்களிடத்திலோ 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. முகபாவத்தை மட்டும் கொண்டு உள்ளத்தின் உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2019-இல் அறிஞர்கள் ஐவர் விரிவாக எழுதினார்கள். சோர்ந்த தாயும் பிள்ளைக்காகச் சிரிப்பாள். மகிழ்ச்சியுள்ள தாயும் தூக்கம் கெட்டு வாடியிருப்பாள்.

ஆகவே நண்பர்களே, ஆயிரக்கணக்கான முகங்களை எண்ணிப் பார்க்க இந்தக் கருவி உதவட்டும். அது தரும் எண்ணை வைத்து எந்தத் தாயையும் நல்லவள், குறையுள்ளவள் என்று தீர்க்க வேண்டாம். "எப்படி இருக்கிறாய், அம்மா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அங்கே நிறுத்துவது உங்களைப் போன்றவர்களின் உதவிதான்.