ஒற்றனுக்கும் கண்ணோட்டமா?

(ஆட்டையாம்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



முறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கைப்பக்குவத்தின் அருமையை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேலைக்கு வந்த ஒருவன் அப்பக்குவத்தைக் களவாகக் கொண்டுபோய் விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகைவீட்டுக்கு விற்கவில்லை, பெண் கொடுத்த வீட்டுக்கே விற்றான். பிடிபட்டதும், "நமக்குத்தானே கொடுத்தான், விட்டுவிடுங்கள்" என்று உறவினரே வாயிலில் வந்து நிற்கிறார். "வேண்டுமென்றால் கேட்டு வாங்கியிருக்கலாமே!" என்பதுதானே வீட்டுக்காரரின் முதல் மறுமொழி?

நட்பு நாட்டுக்கு ஒற்றாடியவனை நாட்டுத் தலைவர் மன்னிக்கலாமா என்னும் வினாவும் இத்தகையதே.

அமெரிக்கக் கடற்படை உளவுப்பிரிவில் ஆய்வாளராயிருந்த சோனதன் பொல்லார்டு என்பார் இசுரேலுக்குக் கமுக்க ஆவணங்களைக் கட்டுக்கட்டாகக் கடத்தினார். இனப்பற்றே தூண்டியது என்றார். ஆயினும் திங்கள்தோறும் பணமும் பெற்றார். 1985 நவம்பர் 21-ஆம் நாள், வாசிங்டனில் உள்ள இசுரேல் தூதரகத்துள் அடைக்கலம் தேடி நுழைந்தவரை அத்தூதரகமே வெளியேற்றியது, வாயிலிலேயே தளைப்படுத்தப்பட்டார். 1987-இல் வாழ்நாள் சிறை. கைவிட்ட இசுரேல் 1995-இல் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. 1998-இல்தான் தன் ஒற்றர் என ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, பாலத்தீனரோடு நடந்த அமைதிப் பேச்சின் நடுவே, அவர் விடுதலையையும் ஒரு விலையாகக் கேட்டார் தலைமையமைச்சர் நெத்தன்யாகு. கிளிண்டன் எண்ணிப் பார்த்தார். உளவு நிறுவனத் தலைவர் தெனட்டு பதவி துறப்பதாகக் கூறவே பின்வாங்கினார். இரேகன் முதல் ஒபாமா வரை ஐவருள் ஒருவரும் மன்னிக்கவில்லை. 30 ஆண்டு கழித்து, 2015-இல் கட்டுப்பாடுகளோடு சிறைமீண்டார். 2020 திசம்பர் இறுதியில் இசுரேலில் வந்திறங்கியபோது வானூர்தி நிலையத்துக்கே சென்று வரவேற்றார் அதே நெத்தன்யாகு!

ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்பவன் தன் மறையைத் தானே வெளிப்படுத்தியவனாவான் என்று ஒற்றாடல் அதிகாரத்தின் இறுதியில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எச்சரித்தார் வள்ளுவர். மன்னிப்புக் கேட்டு மன்றாடியவர்களே பின்னர்க் கொண்டாடி வரவேற்றால், அவர்கள் கேட்டது மன்னிப்புத்தானா?

அவ்வதிகாரத்துக்கு முன்னதாக அவர் வைத்தது கண்ணோட்டம். வைப்புமுறையைக் கருதுங்கள்! கண்ணோட்டத்தைக் கூறிய கையோடுதான் ஒற்றரைப் பற்றிக் கூறுகின்றார். ஆயினும் கடமை சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்று அதற்கும் ஒரு வரம்பு கட்டிவிட்டார். நெடுஞ்சிறையில் நலிந்தவனை அவன் நலிவு கருதி விடுவிப்பது கண்ணோட்டம். பேச்சு மேசையில் ஒரு நாட்டுக்கு விலையாகத் தருவது வெறும் பண்டமாற்று.

புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கும் இரு பாடல்கள், 46-உம் 47-உம், இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. இரண்டும் கோவூர் கிழார் பாடியவை. மலையமான் மக்களை யானைக் காலிலிட முனைந்த கிள்ளிவளவனிடம் அவர் இரக்கத்தை வேண்டினார். மற்றதன் நிலை வேறு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த புலவர் இளந்தத்தனை, ஒற்றன் என்று ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. நலங்கிள்ளியும் சோழனே, நெடுங்கிள்ளியும் சோழனே, ஒரே குடி! அங்கே கோவூர் கிழார் "ஒற்றனாயினும் உறவினனின் ஒற்றன், பொறுத்தருள்க" என்றாரா? இல்லை. பரிசிலர் வாழ்க்கை எத்தகையது, அவர் பிறர்க்குத் தீங்கு எண்ணுவரோ என்று எடுத்துரைத்தார். அவர் வேண்டியது மன்னிப்பன்று, ஆராய்ச்சி! குற்றமிலாதவனை மன்னித்தல் என்பதே அவனுக்குச் செய்யும் பழியன்றோ?

இந்நாட்டிலும் ஒன்று நிகழ்ந்தது. அதே 1985, சனவரியில். தலைமையமைச்சர் அலுவலகத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் இருந்த கீழ்நிலை அலுவலர் சிலர் பணத்துக்கும் மதுப்புட்டிகளுக்கும் கோப்புகளைக் கொடுத்தனர். குமார் நாராயண் என்பார் அவற்றைப் படியெடுத்துத் தூதரகங்களுக்கு விற்றார். வாங்கியவற்றுள் பிரான்சும் போலந்தும் கிழக்குச் செருமனியும் இருந்தன. ஒன்றேனும் பகைநாடு அன்று! பிரான்சுத் தூதரகப் படைத்துறை அலுவலர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். வழக்கோ 17 ஆண்டு இழுத்தது. தீர்ப்பு வந்தது 2002-இல். முதற்குற்றவாளி எனப்பட்டவர் 2000-லேயே இறந்துவிட்டார். ஒறுப்புமின்றி, விடுதலையுமின்றி முடிந்தது அவர் கதை.

1923-ஆம் ஆண்டு அலுவல் கமுக்கச் சட்டம் படைத்துறைச் செய்திகளை விற்றவர்க்கு 14 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. அது நடுவணரசின் சட்டமாதலின் மன்னிக்கும் உரிமை ஆளுநர்க்கு இல்லை; அரசமைப்பின் 72-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவர்க்கே உண்டு. அவரும் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடப்பவர். எனவே நட்பு நாட்டுத் தூதர் வந்து கேட்டார் என்பது அக்கோப்பில் காரணமாக எழுதப்படுமானால், அதற்கு மக்கள் மன்றத்தில் விடைகூற வேண்டியவர்கள் அமைச்சர்களே.