ஓடுவது மட்டுமா 'ரன்'?

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



"என்ஜினீயர்தானே, டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். சாப்பாட்டு நேரத்தில் டெக்னிக்கலாகப் பேசினால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஆகவே ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்றே எழுத்து. 'ரன்'.

எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும், 'ரன்' என்றால் ஓடு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்! 1989-ல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு. 430 பொருள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும்போது 'ரன்' முந்திக்கொண்டது. 2011-ல் வந்த கணக்குப்படி வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு இந்த ஒரு வார்த்தையை முடிக்க ஒன்பது மாதம் பிடித்ததாம்.

எப்படி இத்தனை? முதலில் மனுஷன் ஓடினான், குதிரை ஓடியது, ஆறு ஓடியது. அப்புறம் ரயில் வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. புதுசாக எது வந்தாலும் பழைய வார்த்தையையே அதில் மாட்டி ஓடவிட்டார்கள்.

தம்பிகள் மிரள வேண்டாம். நாமும் அதைத்தான் செய்திருக்கிறோம். பஸ் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, பொழப்பு ஏதோ ஓடுது. பரீட்சை ஹாலில் மட்டும் ஒண்ணுமே ஓடலை! இதில் பாதிக்கு மேல் அப்படியே 'ரன்'தான்.

வித்தியாசம் வருகிற இடம்தான் ருசி. வெள்ளைக்காரன் கம்பெனியை 'ரன்' பண்ணுகிறான், நாம் 'நடத்துகிறோம்'. அவனுக்கு ஓட்டம், நமக்கு நடை. கையில் காசு இல்லாதபோதுதான் நாம் குடும்பத்தை 'ஓட்டுகிறோம்'. அமெரிக்காவில் தேர்தலுக்கு ஓடுவார்கள்; இங்கிலாந்திலும் நம்மூரிலும் தேர்தலில் நிற்பார்கள். துணியில் சாயம் அவர்களுக்கு ஓடும், நமக்குப் போகும். மூக்கு அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். 'டிரையல் ரன்' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, தேர் செய்கிறவர்களைக் கேளுங்கள். 'வெள்ளோட்டம்' என்று அழகாகச் சொல்வார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மண்ணூர்பேட்டையைத் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் ஆரம்பித்தது. அங்கே எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் 'ரன்' காதில் விழும். ஐநூறு பீஸ் ஒரு 'ரன்'. வெட்டாமல் சும்மா சுற்றினால் 'ஐடில் ரன்'. புரோகிராம் போட்டதும் பொருளை மாட்டாமல் ஓட்டிப் பார்த்தால் 'டிரை ரன்'. அதைச் செய்யாமல் விட்டால் டூல் போய் இடிக்கும்.

இதில் ஒன்று 'ரன்-அவுட்'. கிரிக்கெட் இல்லைங்க! ஷாஃப்ட்டின் மேல் டயல் கேஜ் முள்ளை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் காட்டும் அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன்-அவுட்.

ஒரு கம்பெனி இன்டர்வியூவில் நானும் உட்கார்ந்திருந்தேன். டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் லேத்தில் வேலை பார்த்த பையன். "ரன்-அவுட் எப்படிச் செக் பண்ணுவே?" என்றார் ஒரு பெரியவர். பையன் முழித்தான். "நெக்ஸ்ட்" என்றார் அவர். நான் குறுக்கிட்டு, "தம்பி, ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கான்னு எப்படிப் பார்ப்பே?" என்றேன். உடனே கையாலேயே காட்டினான்: எங்கே கேஜை வைப்பது, எப்படிச் சுற்றுவது, 0.02 மில்லிமீட்டருக்கு மேல் போனால் எதைச் சரி செய்வது, அத்தனையும். அவனுக்கு வேலை தெரியும். அதன் இங்கிலீஷ் பெயர் மட்டும் தெரியாது. அந்த ஒரு வார்த்தையில் அவன் சம்பளம், அவன் வீட்டு அடுப்பு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேலை கிடைத்தது. ஆனால் பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

ஆகவே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் முழித்தால், "நெக்ஸ்ட்" சொல்லும் முன்னே ஒரு தரம் தமிழில் கேட்டுப் பாருங்கள். தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. 645 பொருளையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. உங்கள் டிரேடில் புழங்கும் பத்து இருபதைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு நோட்டில் பட்டறைத் தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் வந்து சொல்லித் தருகிறோம். சங்கம் ஒரு வகுப்பறை வாங்கிக் கொடுத்தால் போதும்.

நேரம் 'ரன் அவுட்' ஆகிவிட்டது. சாம்பார் ஆறுகிறது.