மாவுக்கட்டுக்குக் கைதட்டாதீர்கள்

தென்னூர்ப் பெருமக்களே, தாய்மார்களே, பின்னால் பைக்கில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே!

இந்த உழவர் சந்தை மைதானம் எத்தனையோ கட்சிகளின் முழக்கத்தைக் கேட்டிருக்கிறது. இன்று நான் எந்தக் கட்சியையும் திட்டப் போவதில்லை. உங்களைத்தான் திட்டப் போகிறேன்.

பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய பையன், போலீஸ் பிடித்துப் போன பிறகு கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. 'கழிவறையில் வழுக்கி விழுந்தானாம்' என்று சிரிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். கட்டுப் பிரித்த பிறகு அவன் எங்கே போனான் என்று யாராவது கேட்டோமா? கேட்டவன் ஒருவன் உண்டு. ஏரியா அண்ணன்! அவன் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பிரியாணி வாங்கிக் கொடுத்தான், கோர்ட் வாசலில் ஜாமீனுக்கு ஆள் நிறுத்தினான். நாமோ அந்தப் பையனின் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டோம். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள்?

அடி விழுந்தால்தான் திருந்துவான் என்கிறவர்களுக்கு இந்த ஊர் கதையையே சொல்கிறேன். 1999-இல் ஜே.கே.திரிபாதி திருச்சி மாநகரக் காவல் ஆணையராக வந்தார். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். இன்ன தெருக்களுக்கு இன்ன காவலர்கள் என்று பொறுப்புக் கொடுத்தார். பெயர் போடாமல் எழுதிப் போடப் புகார்ப் பெட்டிகள் வைத்தார். குடிசைப் பகுதிகளைக் காவல்துறையே தத்தெடுத்தது. லத்தியைக் கண்டு ஓடிய தெருவில் காவலரை வீட்டுக்காரர்களின் பெயர் சொல்லி நலம் விசாரிக்க வைத்தார். வெளிநாடுகளிலும் பேசப்பட்ட திட்டம் அது. திரிபாதி பின்னாளில் தமிழ்நாட்டின் டி.ஜி.பி. ஆனார். நல்லது. ஆனால் அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வரும். தென்னூருக்கு மாற்றல் உண்டா? அந்த வேலையை ஒரு ஆணையரின் தலையில் கட்டிவிட்டு நாம் வேடிக்கை பார்த்தது யார் குற்றம்?

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடலாம், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விடலாம், தகுதியான ஒருவர் பொறுப்பிலும் விடலாம். வெளியே போனால் ரவுடிகளோடு சேர்ந்துவிடுவான் என்று தோன்றினால் ஜாமீனை மறுக்கவும் செய்யலாம். அப்படித் தோன்றாதபடி நிற்க ஓர் ஆள் வேண்டும், ஐயா! அந்தத் தகுதியான ஒருவர் இந்தக் கூட்டத்தில் இல்லையா? மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் இல்லையா? ஓய்வு பெற்ற வாத்தியார் இல்லையா?

'கை நீட்டிய பையனை எப்படிக் கடையில் சேர்ப்பது?' என்று முனகுவது காதில் விழுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்டனை முடிந்து வந்தவனுக்கு நீங்கள் கதவைச் சாத்தினால், போதை மாத்திரை விற்கிறவன் திறந்து வைத்திருக்கிறான்.

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. மாலையில் மாநகராட்சிப் பள்ளியின் கதவு திறந்திருக்கட்டும், பாடம் சொல்ல நீங்கள் போங்கள். பள்ளியை விட்டு நின்ற பையன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று கவுன்சிலருக்குத் தெரிந்திருக்கட்டும். தெரியாவிட்டால் அடுத்த வார்டு கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மேடைக்கு இடது பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பொறுப்பேற்க வருகிறவர்கள் பெயரும் தெருவும் எழுதுங்கள். நன்கொடை வேண்டாம், ஆள் வேண்டும்!