நாம் காத்திருக்கும் புத்தகம்

(நமது சங்கப் படிப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் படிப்பகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

'படித்ததில் பிடித்தது, இனி வரவேண்டியது' என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் தையல் பட்டறைத் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "பன்னிரண்டு மணி நேரம் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிறவனிடம் பிடித்த புத்தகம் எது என்றா கேட்பது? எனக்குப் பிடித்தது பாயும் தலையணையும்தான்" என்றார். ஆனால், அந்தத் தோழர்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் படிப்பகத்துக்கு முதல் ஆளாக வருகிறவர். ஒருவர் உரக்க வாசிக்க, கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார். வாசிப்பதை நிறுத்தினால் விழித்துக்கொண்டு, "அப்புறம்?" என்பார்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. "புத்தகம் வாங்குகிற பணத்தை, இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும் நிதியில் சேர்த்தால் என்ன?" என்பது அந்தக் கேள்வி. கேட்டவர் விவரம் அறியாதவர் அல்லர். இந்த மும்பையில் ஓர் உழைப்பாளி இறந்து, அவர் உடல் ஊர் போய்ச் சேருவதற்குள் அந்தக் குடும்பம் எவ்வளவு கடனாளியாகிறது என்பதைக் கண்ணால் கண்டவர். நியாயமான கேள்வி. அன்றைக்கு எங்களால் நேரான விடை சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்ல முயல்கிறோம்.

நம்மைக் கண்ட புத்தகங்கள்

சென்ற ஓராண்டில் நாம் உரக்க வாசித்தவற்றுள் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்த புத்தகம் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிசெய்த பி.எச். டேனியல், 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட நாவல் அது. இரா. முருகவேள் அதைத் தமிழாக்கி 2007-இல் வெளிவந்தது. கதை என்ன? திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் வாடும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஓராண்டில் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்று போனவர்களை அந்த முன்பணமே கட்டிப்போடுகிறது. அட்டைக்கடியும் குளிரும் மலேரியாவும் கூட வந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோகின்றன. கணக்குப் புத்தகத்திலோ கடன் மட்டும் குறைவதில்லை.

அதை வாசித்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "மேஸ்திரி கொடுத்த பணமா? எங்கப்பாவும் அப்படித்தாம்யா இந்த ஊருக்கு வந்தார்" என்று தொடங்கி, அரை மணி நேரம் பேசினார். தோழர்களே, அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தப் பாட்டியைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

அடுத்தது, டி. செல்வராஜ் எழுதிய 'தோல்'. 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நாவல். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளர்கள், சுண்ணாம்புக் குழியிலும் நாற்றத்திலும் கிடந்தவர்கள், சங்கம் கட்டி எழுந்து நின்ற வரலாறு அது. நம் தாராவிக்குத் திருநெல்வேலியிலிருந்து நம் முன்னோர் பலர் எதற்காக வந்தார்கள்? இங்கிருந்த தோல் தொழிலுக்காகத்தான் அல்லவா? ஆகவே, அந்த நாவலின் பக்கங்களில் வீசும் வாடை நமக்கு அந்நியமானதல்ல. தோல் வேலை செய்தவர் என்பதாலேயே பக்கத்தில் உட்காரத் தயங்கிய உலகத்தை நாமும் பார்த்தவர்கள்தாம். அந்த வேலையைச் செய்தவர்களே வரலாற்றின் நாயகர்கள் என்று ஒரு புத்தகம் சொல்லும்போது, தலை தானாக நிமிர்கிறது.

பெண்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் நாவல், 1979-இல் வந்தது. ராஜம் கிருஷ்ணன் வீட்டில் உட்கார்ந்தபடி கற்பனையில் எழுதியவர் அல்லர். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடமே போய், அவர்களோடு பழகி, கேட்டு எழுதியவர். உப்பளத்தில் காலையும் கையையும் உப்பு அரிக்க, வெயில் கண்ணைப் பறிக்க, கூலியோ ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அதற்கு மேல் கணக்கப்பிள்ளையின் பார்வைக்கும் தப்ப வேண்டும். "இதில் உப்பை எடுத்துவிட்டு நாம் பொறுக்கும் பிளாஸ்டிக்கைப் போட்டால் நம்முடைய கதைதானே!" என்றார் மறுசுழற்சிக் கிடங்கில் தரம்பிரிக்கும் வேலை செய்யும் சகோதரி ஒருவர். இதைவிட நல்ல விமர்சனத்தை எந்தப் பேராசிரியர் எழுதிவிட முடியும்?

இளைஞர்களுக்குப் பிடித்தது நாஞ்சில் நாடனின் 'மிதவை'. 1986-இல் வந்த நாவல். படித்துவிட்டு வேலையில்லாமல் அலைந்த ஓர் இளைஞன் பம்பாய்க்கு வருகிறான். வேலை கிடைக்கிறது. ஆனால், மனம் ஊரிலும் நிலைக்கவில்லை, இங்கும் ஒட்டவில்லை. எழுதியவர் இந்தப் பம்பாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதால், பொய்யான ஒரு வரி கூட அதில் நமக்குத் தட்டுப்படவில்லை.

இந்த ஊரின் எழுத்து

தமிழில் வந்ததை மட்டும் படித்துவிட்டு இருந்துவிடலாகாது. நாம் சோறு தின்கிற இந்த மண்ணில் உழைப்பாளிகள் எழுதியதையும் அறிய வேண்டும்.

பேசப்படாமலே போன ஒரு பேச்சைப் பற்றி முதலில் சொல்கிறோம். 1936-இல் லாகூரில் ஒரு மாநாட்டுக்குத் தலைமையேற்க அண்ணல் அம்பேத்கர் அழைக்கப்பட்டார். அவர் எழுதியனுப்பிய உரையைக் கண்டு அழைத்தவர்கள் அஞ்சினார்கள். சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோயிற்று. அவரோ அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. 1,500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அது உடனடியாக மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளுள் நம் தமிழும் ஒன்று. தந்தை பெரியார் தம் 'குடி அரசு' வழியே அதைத் தமிழ் மக்களிடம் கொண்டுசேர்த்தார். மேடை மறுக்கப்பட்டது, புத்தகம் மறுக்கப்படவில்லை. இன்றைக்கும் அது பேசிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தாதரில், தம் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று திட்டமிட்டு அவர் கட்டிய ராஜகிருகம் நிற்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அதைக் கடந்து போகிறவர்கள் நம்மில் பலர். ஒரு நாளாவது பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அடுத்தவர் அண்ணாபாவ் சாட்டே. சாங்லி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சிறுவனாகக் குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே வந்தவர். பள்ளிக்கூடத்தைக் கண்டது ஓரிரு நாள்தான். ஆலையில் வேலை செய்தார். காட்கோபரில் குடிசையில் வாழ்ந்தார். அப்படிப்பட்டவர் எழுதிய 'ஃபக்கீரா' நாவல் 1959-இல் வந்தது. அதை அவர் அம்பேத்கருக்கே காணிக்கையாக்கினார். இன்னொருவர் கவிஞர் நாராயண் சுர்வே. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையை ஓர் ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தை வளர்ந்து, 1966-இல் 'என் பல்கலைக்கழகம்' என்ற பொருளில் ஒரு கவிதைத் தொகுதிக்குப் பெயர் வைத்தது. அவர் சொன்ன பல்கலைக்கழகம் எது? இந்த ஊரின் தெருதான். நாம் தினம் நடக்கும் அதே தெரு.

இனி வரவேண்டியவை

சென்னையில் 1977-இல் தொடங்கிய புத்தகக் காட்சி வழக்கமாகப் பொங்கலையொட்டி நடக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் முன்பெல்லாம் கருவாடும் முறுக்கும் கொண்டுவரச் சொல்வோம். இப்போது புத்தகப் பட்டியலையும் கூடவே கொடுத்தனுப்புகிறோம். இந்த முறை எங்கள் பட்டியலில் உள்ளவை இவை.

முதலாவது, நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் மலிவுப் பதிப்புகள். அறிஞர் அண்ணாவின் எழுத்துகள் 1995-இலும், ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே 2009-இலும் நாட்டுடைமையாயின. அவற்றை யார் வேண்டுமானாலும் உரிமைத்தொகை இன்றி அச்சிடலாம். ஆகவே, நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்க வழியுண்டு. ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களை நம் பெரியவர்கள் இரண்டு மூன்று ரூபாய்க்கு வாங்கிப் படித்தார்கள். சோவியத் நாடு 1991-இல் கலைந்த பிறகு அந்த ஊற்று வற்றிவிட்டது. உழைப்பாளிக்கு ஏற்ற விலையில் புத்தகம் என்பது அதன் பிறகு நாம் தேடி அலைய வேண்டிய பொருளாகிவிட்டது.

இரண்டாவது, மராத்தியிலிருந்து தமிழாக்கம். 'ஃபக்கீரா'வைத் தமிழில் நம் அலமாரியில் காண வேண்டும் என்பது எங்கள் ஆசை.

மூன்றாவது, பெரிய எழுத்தில் அச்சான எளிய தமிழ்க் கதைப் புத்தகங்கள். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். பாட்டியிடம் பேசத் தெரிந்த பிள்ளைக்குப் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதல்ல. எடுத்துக் கொடுக்காத நம்முடையது.

எழுதப்படாத புத்தகம்

ஆனால் தோழர்களே, நாங்கள் எல்லாவற்றையும் விட அதிகமாக எதிர்பார்க்கும் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. அது நம்முடைய புத்தகம்.

1982 சனவரி 18 அன்று இந்த ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புகைபோக்கிகள் நின்ற இடத்தில் மாளிகைகள் எழுந்தன. அந்தத் தொழிலாளர்களின் நினைவுகள் ஆலைகளோடு புதைந்துபோகட்டும் என்று விட்டுவிடாமல், மீனா மேனன், நீரா அதார்கர் என்ற இரு பெண்கள் அவர்களிடம் போய்க் கேட்டார்கள். நூறு ஆண்டுகள், நூறு குரல்கள் என்று பொருள்படும் தலைப்பில் 2004-இல் அதை ஆங்கிலத்தில் நூலாக்கினார்கள். ஆலை போய்விட்டது. குரல் இருக்கிறது.

நமக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்தவர்களுக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. எண்ணிப் பாருங்கள். சதுப்பு நிலத்தில் மண்ணையும் குப்பையையும் கொட்டி, மேடாக்கி, இடத்தை மனிதர் வாழத் தகுந்ததாக ஆக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் பிள்ளைகள் இன்று ரேஷன் கார்டையும் லைட் பில்லையும் தேடித் தகரப்பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். நம்முடைய வாழ்வு உழைப்பில் இருக்கிறது, நினைவில் இருக்கிறது. தாளில் மட்டும் இல்லை.

நம் புத்தகத்தைக் காட்டினால் அதிகாரி வீடு கொடுத்துவிடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். வீட்டுக்கான போராட்டத்தைச் சங்கம் தனியே நடத்த வேண்டும். ஆனால், இந்தச் சந்துகள் நாளை இல்லாமல் போனால், இங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை வேறு யாரோ எழுதுவார்கள். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவார்கள். அதைப் படித்து நம் பேரப்பிள்ளைகள் தலைகுனிய வேண்டுமா?

அன்றைக்கு எழுந்து பேசிய பாட்டியைப் பற்றி முன்னே சொன்னோம். அவர் இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பு காலமானார். நம் நிதியில்தான் அவர் உடலை ஊருக்கு அனுப்பினோம். உடலை அனுப்பினோம், அவர் சொன்ன கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமல் விட்டவர்களில் இதைப் பேசும் நாங்களும் உண்டு. பொதுக்குழுவில் கேட்ட தோழருக்கு எங்கள் விடை இதுதான்: உடலை அனுப்பும் நிதியில் ஒரு காசு கூடக் குறையக் கூடாது. அதே போல், ஒருவர் போகும்போது அவர் சொன்னதும் கூடவே போய்விடக் கூடாது. இரண்டும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

ஆகவே, ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்குப் பதிலாகக் கேட்பு நடக்கட்டும். ஒரு பெரியவரோ, ஒரு தாயோ பேசட்டும். எந்த ஆண்டு வந்தீர்கள், யார் அழைத்து வந்தது, முதல் கூலி என்ன, முதல் இரவு எங்கே படுத்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பிறகு தமக்குத் தெரிந்த எழுத்தில், தேவநாகரியானாலும் ஆங்கிலமானாலும், எழுதட்டும். தமிழில் பெயர்த்து எழுதும் பொறுப்பைப் படிப்பகக் குழு ஏற்கிறது. எழுதும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் கூடவே வந்து சேரும். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில், 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்பில் யாராவது பேசும்போது, அந்த நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

முதல் கேட்பு வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு. தையல் பட்டறைத் தோழரின் தாயார் பேச இசைந்திருக்கிறார். மகன் அன்றைக்காவது தூங்காமல் இருப்பார் என்று நம்புகிறோம்.