13 பேருக்கு ஒரு பரண்

(நம் அம்பத்தூர் குடியிருப்போர் நலச் சங்கக் குடியரசு தின விழாவில் ஆற்றிய சிற்றுரை)

நாளை ஜனவரி 27. ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களை உலகம் நினைவுகூரும் நாள். அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டெபானியா போட்குர்ஸ்கா போலந்து நாட்டுக் கத்தோலிக்கப் பெண். பதின்ம வயதில் ஒரு யூதரின் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். 1942-இல் அந்தக் குடும்பத்தின் மகன் தப்பி வந்து அவர் கதவைத் தட்டினார். யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. தெரிந்தே திறந்தார். தாயாரை ஜெர்மானியர் கொண்டுபோய்விட்டார்கள். துணைக்கு இருந்தவள் ஆறேழு வயதுத் தங்கை ஹெலனா மட்டுமே.

ஒருவர் 13 பேரானார்கள். அத்தனை பேரும் பரணில். வங்கியில் இருந்தவனுக்குக் கணக்குத்தான் முதலில் தோன்றுகிறது: ஓர் ஆலைத் தொழிலாளியின் சம்பளம், 15 வயிறு! கடைசி மாதங்களில் ஜெர்மானிய நர்சுகள் இருவர் அதே வீட்டில் தங்கினார்கள். மேலே 13 பேரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். 1944 ஜூலையில் நகரம் விடுபட்டபோது அனைவரும் உயிருடன் இறங்கி வந்தார்கள்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோதும், பக்கத்து வீட்டுச் சிங்களவர் சிலர் இப்படித்தான் கதவைத் திறந்தார்கள்.

பிள்ளைகளே, அந்த மகன் தட்டியது பழகிய கதவை. நம் தெருவில் வெளிமாநிலத்தவரும் குடியிருக்கிறார்கள். அவர்கள் பெயராவது நமக்குத் தெரியுமா? இன்றே போய்க் கேளுங்கள்.