மண்ணின் உயிர்களும் பொது ஆராய்ச்சிச்சாலையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



இன்று காலை இம்முகாமில் உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். மண்ணிலுள்ள தழை, மணி, சாம்பல் சத்துக்களைப் பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பரிசோதிக்கவும் எங்கள் யூனியனிலேயே ஓர் ஆராய்ச்சிச்சாலை அமைத்தால் என்ன, இடத்தைப் பஞ்சாயத்தே கொடுக்கும் என்றார். இடம் கொடுக்க முன்வரும் பஞ்சாயத்தைப் பாராட்டாமல் இருக்க இயலாது. எனினும், 'ஆகட்டும்' என்று அவருக்கு உடனே விடை கூற எங்களால் முடியவில்லை. அதன் காரணத்தை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறோம்.

2015 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் கீழ் உங்களிற் பலர் மண்வள அட்டை பெற்றிருப்பீர்கள். அதில் 12 அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். கார அமில நிலையில் தொடங்கி போரான் வரை நீளும் அவ்வரிசையில் மண்ணின் உயிரைப் பற்றி நேராகச் சொல்லும் எண் ஒன்றேனும் இல்லை. அங்ககக் கரிமம் என்னும் ஓர் அளவு மாத்திரம், அவ்வுயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய உணவு எவ்வளவு என்பதை மறைமுகமாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், இருக்கக்கூடும். ஒரு தேக்கரண்டி மண்ணில் இந்நாட்டின் மக்கள் தொகையைக் காட்டிலும் மிகுதியான உயிர்கள் குடியிருக்கின்றன. இலை தழைகளை மக்கச் செய்வதும், இடுகின்ற யூரியாவைப் பயிர் உண்ணத்தக்க வடிவத்திற்கு மாற்றுவதும் அவையே. நீர் தேங்கிய நெல் வயலில் அந்தத் தழைச்சத்தின் ஒரு பகுதியை மீண்டும் காற்றாக்கிப் பறக்க விடுவதும் அவையே என்பதை மறைப்பதற்கில்லை.

இவ்வுயிர்களை எண்ணுவது எங்ஙனம்? பழைய முறை எளியது. பத்து கிராம் மண்ணைக் கொதிக்க வைத்துத் தூய்மையாக்கிய நீரிற் கலக்கி, அதில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு நீரில் விட்டு, அதிலும் ஒரு பங்கு எடுத்து மீண்டும் ஒன்பது பங்கில் விட்டு, மோரை நீர்மோராக்குவது போல ஐந்தாறு முறை நீர்க்கச் செய்கிறோம். கடைசி நீரில் ஒரு சொட்டை உணவுக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்தால், ஒவ்வோர் உயிரும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிறது. புள்ளிகளை எண்ணிக் கணக்கிட வேண்டியதுதான். அக்கூழை இறுகச் செய்யும் பொருள் அகர் என்பது. இது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக்கின் கூடத்தில் 1880க்களின் தொடக்கத்தில் ஜெலட்டின் வெயிலுக்கு உருகி வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே பணிபுரிந்த ஒருவரின் மனைவியாரான பானி ஹெஸ்ஸே அம்மையார், தம் சமையலறையில் பயன்பட்டு வந்த அகரை எடுத்துக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுதும் அதுவே வழங்குகிறது. நம் இராமநாதபுரக் கடற்கரைப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாராகிறது என்பதை அறிந்து நாம் பெருமை கொள்ளலாம்.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. பூதக்கண்ணாடியில் நூறு உயிர்கள் தெரியும் மண்ணில், தட்டில் முளைப்பவை ஒன்றிரண்டே. மற்றவை எங்கள் கூழை உண்ண மறுக்கின்றன. அல்லது அண்டை உயிரின்றித் தனித்து வாழ மாட்டாதவையாக இருக்கின்றன. ஆகவே, வளர்த்துப் பார்க்காமலேயே அடையாளம் காணும் வழியொன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் வோஸ் என்பவர், எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் நுண்பொறியின் ஒரு பகுதியை ஒப்பிட்டு இனங்களைப் பிரித்தறியலாம் என்று 1970க்களில் காட்டினார். இன்று அந்தப் பகுதிக்குரிய மரபணுவையே மண்ணிலிருந்து நேராகப் பிரித்தெடுத்துப் படிக்கிறார்கள். சுமார் 1,500 எழுத்துக்கள் கொண்ட அம்மரபணுவில் ஒரு சிறு பகுதியைப் படித்தாலும் இன்ன குடும்பத்து பாக்டீரியா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படிக்கும் இயந்திரத்தின் தன்மையைத்தான் உறுப்பினர் அவர்கள் கருத வேண்டும். அது ஒரு பஸ்ஸைப் போன்றது. ஒருவர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் பஸ் ஒரு முறை போய்வர ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி, நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே ஓட்டத்தில் அனுப்பலாம். அனுப்பினால்தான் செலவு தாங்கும். ஒரு யூனியன் தனக்கென்று இயந்திரம் வாங்கினால் ஆண்டில் பெரும்பகுதி அது பூட்டிய அறையில் இருக்கும். அன்றியும், எடுத்த மண்ணைப் பூஜ்யத்திற்குக் கீழ் 80 டிகிரிக் குளிரில் வைக்கும் பெட்டிகளுக்கு இடையறாத மின்சாரமும், வரும் எழுத்துக் குவியலைப் பொருள்படுத்தும் கணிதம் அறிந்தோரும் வேண்டும். பெரிய நாடுகளே இவ்வாறு பொதுச்சாலைகளைத்தான் நாடுகின்றன. அமெரிக்க எரிசக்தித் துறையின் கூட்டு மரபணுச்சாலை, வெளியிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் அனுப்பும் திட்டங்களைப் பரிசீலித்து, ஏற்றவற்றிற்குக் கட்டணமின்றி மரபணு படித்துத் தருகிறது. நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள் பல்லாயிரம் உயிர் வகைகளைக் காத்து, கேட்போர்க்கு அனுப்பி வருகின்றன.

இயந்திரம் பொதுவாக இருந்தால் போதாது. முறையும் பொதுவாக இருத்தல் வேண்டும். இதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. சில பாக்டீரியாக்களின் மேல்தோல் வாழைப்பழத் தோலைப் போன்றது. சிலவற்றினுடையது தேங்காய் ஓடு. மெதுவாக உடைத்தால் தேங்காய் உடையாது. அப்போது அவ்வகை இம்மண்ணில் இல்லை என்று ஒரு சாலை எழுதும். பலமாக உடைத்த மற்றொரு சாலை ஏராளம் என்று எழுதும். மருந்துப் பொட்டலத்திலேயே அயல் உயிர்களின் மரபணு கலந்து வருவதுண்டு என்பது 2014 இல் வெளியான ஓர் ஆய்வால் தெளிவாயிற்று. ஆதலின், மண்ணே இடாத வெறுங்குழாய் ஒன்றையும் உடன் சேர்த்துப் படிப்பது முறையாயிற்று. இறந்துபோன உயிர்களின் மரபணுவும் மண்ணில் தங்கிவிடுகிறது. 2016 இல் வந்த கணக்கின்படி மண்ணிற் காணும் மரபணுவில் சராசரியாக 40 சதவிகிதம் இத்தகையது. வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் நீக்கப்படாத கதைதான். 2010 இல் தொடங்கிய உலக நுண்ணுயிர்த் திட்டம், எல்லாரும் ஒரே முறையைக் கையாளும்படி செய்து, 2017க்குள் 27,751 மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. முறை ஒன்றாக இல்லாதிருந்தால் அவை 27,751 தனிக்கதைகளாகவே நின்றிருக்கும்.

எங்கள் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கோடையில் ஆறு கிராமங்களின் மண்ணைப் பைகளிற் கட்டிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். பைகள் வழியில் ஒரு பகல் முழுதும் வெயிலிற் கிடந்தன. தட்டுகளில் ஆறு கிராமத்து மண்ணும் அண்ணன் தம்பிகளைப் போல ஒன்றாகவே காணப்பட்டன. வெப்பம் தாங்கும் வித்து உடைய வகைகள் மட்டும் எஞ்சி, மற்றவை மடிந்திருந்தன. நாங்கள் படித்தது அக்கிராமங்களின் மண்ணை அன்று. பஸ் நிலையத்து வெயிலைத்தான். சத்துப் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புவது சரி. நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கு உலர்த்தவே கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடியவரை ஒரு நாளுக்குள் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு விவசாயிக்குக் கிடைப்பது யாது என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிலக்கடலை, உளுந்து, துவரை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியத்தை 1888 இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் தனியே பிரித்தெடுத்தார். அதனைப் பொட்டலமாக வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கிறோம். ஓர் ஊரில் பலன் தெரிகிறது. அடுத்த ஊரில் தெரியவில்லை. மருந்து போலி என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அது போலியாகவும் இருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. அவ்வூர் மண்ணில் ஏற்கெனவே சொந்த ரைசோபியம் நிறைந்திருந்தால், வெளியிலிருந்து வந்தது முடிச்சில் இடம் பிடிக்க இயலாது. ஹவாய்த் தீவுகளில் நடத்தி 1991 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிராம் மண்ணில் 50 அளவே சொந்த ரைசோபியம் இருந்தாலும் பூசியதன் பலன் மறைந்துவிடக் கண்டார்கள். நம் மண்ணுக்கு அந்த எண்ணே பொருந்தும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எந்தக் கிராமத்தில் பொட்டலத்திற்குப் பணம் செலவிட வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்பதை மண்ணைப் பார்த்தே சொல்ல முடியும் என்கிறோம்.

போலியைப் பற்றிச் சொன்னோம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006 முதல் உயிர் உரங்களும் அடங்கும். தூள் வடிவாயின் கிராமுக்கு 5 கோடி, திரவமாயின் மில்லி லிட்டருக்கு 10 கோடி உயிருள்ள அணுக்களுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இதை எண்ண மரபணு இயந்திரம் வேண்டியதில்லை. பானி அம்மையாரின் அகர்த் தட்டே போதும். உண்மையில் மரபணு முறை இங்கே உதவாது. செத்த பாக்டீரியாவையும் அது கணக்கிற் சேர்த்துவிடும். எல்லா நோய்க்கும் மருந்து என்று வண்ணப் புட்டியில் வருபவற்றில் உயிரின் பெயர், எண்ணிக்கை, காலாவதித் தேதி இம்மூன்றும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கடையில் அது வெயிலில் வைக்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள்.

ஆகவே, உறுப்பினர் அவர்களுக்கு எங்கள் விடை இதுதான். யூனியனில் இயந்திரம் வேண்டாம். ஒரு பனிப்பெட்டி, சாராயம் துடைத்த மண்வெட்டி, மண் எடுக்கக் கற்ற இரண்டு இளைஞர்கள், எந்த வயலில் என்ன பயிர், என்ன உரம், எப்போது நீர் பாய்ச்சியது என்று எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை வேண்டும். வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் நீக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலக்க வேண்டும். பல யூனியன்கள் கூடி ஒரே பருவத்தில் இவ்வாறு அனுப்பினால், கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலை போன்ற இடங்களில் அவற்றை ஒன்றாகப் பார்க்கக் கோரலாம். கொடுக்க இருந்த இடத்தைப் பஞ்சாயத்து வேறு நற்காரியத்திற்கு வைத்துக்கொள்ளட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாதவையும் உண்டு. சாயமிடாத பருத்தித் துணித் துண்டை ஒரே அளவில் வெட்டி, வெவ்வேறு வயல்களில் நாலைந்து அங்குல ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். எந்த வயல் துணியை அதிகம் தின்றதோ அதில் உயிர்களின் உழைப்பு மிகுதி. ஒரே நாளில் புதைத்து ஒரே நாளில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். நீர் பாய்ச்சலும் ஒத்திருக்க வேண்டும். இதுவும் பொது முறைதான்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இக்கூடத்திற்குப் பின்னால் நாற்பது நாள் பயிராக நிலக்கடலை நிற்கிறது. வயலுக்குடையவர் நான்கு செடிகளைத் தோண்ட அனுமதித்திருக்கிறார். பிடுங்காமல், மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசி, முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்ப்போம். உள்ளே இரத்தம் போலச் சிவந்திருந்தால் அது வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. மண்வெட்டி வாசலில் இருக்கிறது, வாருங்கள்.